சின்னத்திரையில் பள்ளிப் பிள்ளைகளின் துயரம்

பதின்பருவத்தினரின் துன்பங்களை ஒளிவுமறைவின்றிக் காட்டிய பிரிட்டிஷ் தொடர்களுக்கு முன்னோடி ‘கிரேஞ்ச் ஹில்’. ஃபில் ரெட்மண்ட் உருவாக்கிய இத்தொடர் பிபிசியில் 1978 பிப்ரவரி 8 அன்று தொடங்கி 2008 வரை ஓடியது. கதைக்களம் லண்டனின் சாதாரண அரசுப் பள்ளி ஒன்று. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் பலர் கொதித்தனர். பிள்ளைகளோ விடாமல் பார்த்தனர்.

1980களின் தொடக்கத்தில் கிரிப்பர் ஸ்டெப்சன் என்ற முரடன் கதைக்குள் வந்தான். பருமனான மாணவன் ரோலண்டை மிரட்டிக் காசு பறித்தான். சீக்கிய மாணவன் ரன்தீரை இனவெறியோடு துன்புறுத்தினான். ரோலண்டை நல்ல பிள்ளையாகக் காட்டாததே எழுத்தாளர்களின் சாமர்த்தியம். அவன் சிடுமூஞ்சி, உதவ வந்த மாணவி ஜேனட்டையும் விரட்டியடிப்பவன். அப்படிப்பட்டவனிடமும் பார்ப்போருக்கு இரக்கம் பிறந்தது. நல்லவர்கள்மேல் இரங்குவது எளிது. இது அதைவிடக் கடினமான பயிற்சி.

1986இல் அதே தொடரில் சாம்மோ என்ற மாணவன் ஹெராயினுக்கு அடிமையானான். பல ஆண்டுகளாகக் கலகலப்பான பையனாகப் பழகியவன் என்பதால், ‘போதைக்காரன்’ என்று அவனை ஒதுக்கிவிட யாராலும் முடியவில்லை. விளையாட்டுக்கூடத்தின் பின்னறையில் அவனைக் கண்டுபிடிப்பவன், முன்பு எல்லோரிடமும் அடிபட்ட அதே ரோலண்ட். போதைக்கு எதிராகத் தொடரின் நடிகர்கள் பாடிய ‘ஜஸ்ட் சே நோ’ பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது. அவர்கள் வெள்ளை மாளிகைக்கும் போய்வந்தனர். ஆனால் அந்தப் பாடலின் முழக்கத்தைவிட அந்தப் பின்னறைக் காட்சியே வலுவானது.

கடுமையான காட்சி எல்லாமே கனிவை வளர்த்துவிடாது. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அமெரிக்கத் தொடர் ‘13 ரீசன்ஸ் ஒய்’, ஒரு மாணவியின் தற்கொலையை விரிவாகக் காட்டியது. மனநல வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அக்காட்சியை நீக்கியது.

2025 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் தொடர் ‘அடோலசென்ஸ்’ வேறு வழியில் சென்றது. ஜாக் தார்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதிய இதன் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றும் வெட்டில்லாமல் ஒரே மூச்சில் படமானது. வகுப்புத் தோழியைக் கொன்றதாகக் கைதாகும் ஜேமிக்கு வயது 13. கொலையைத் திரையில் விவரிப்பதைவிட, அவன் வீட்டார், காவலர், உளவியலாளர் ஆகியோரின் திகைப்பையே தொடர் பின்தொடர்கிறது. விசாரிக்கும் காவலர், அந்தத் தோழி ஜேமிக்கு இட்ட இன்ஸ்டாகிராம் இமோஜிகளை நட்பின் அடையாளம் என்று நினைக்கிறார். அவை கேலி என்பதை விளக்குபவன், அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன். அதே மாத இறுதியில், பிரிட்டனின் மேல்நிலைப் பள்ளிகள் இத்தொடரை இலவசமாகத் திரையிடலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியருக்கும் பெற்றோருக்குமான வழிகாட்டிகளை ‘டெண்டர்’ என்ற தொண்டு அமைப்பு தயாரிக்கும் என்ற அறிவிப்பும் அதனுடன் வந்தது.