புகானன் முதல் சாம்ப்சன் வரை: ஆன்சஸ் கூட்டணியில் நியூசிலாந்தின் விலகல்

1985 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் 'புகானன்' என்ற போர்க்கப்பலுக்குத் துறைமுக அனுமதி தர நியூசிலாந்து மறுத்தது. அணுசக்தியில் ஓடும் கப்பல் அல்ல அது. எண்ணெயில் ஓடிய, வயதான கப்பல். அதில் அணு ஆயுதம் இருந்ததென்று எவரும் நிறுவவில்லை. இல்லையென்று அமெரிக்காவும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 1986 ஆகஸ்டில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் செய்துகொண்ட ஆன்சஸ் ஒப்பந்தப்படி நியூசிலாந்துக்குத் தான் ஆற்றவேண்டிய பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைப்பதாக வாஷிங்டன் அறிவித்தது.

இந்த முறிவைப் பிரதமர் டேவிட் லாங்கியின் கொள்கைப் பிடிப்பாகச் சிலர் எழுதுகிறார்கள்; தொழிற்கட்சியின் இடதுசாரிப் பிடிவாதமாக வேறு சிலர். இரண்டும் பாதிக் கதைதான். ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே இரு நாடுகளும் வெவ்வேறு பயன்களை எதிர்பார்த்தன. அந்த இடைவெளியை முறிவாக்கியது, வளையாத ஓர் அமெரிக்கக் கடற்படை விதி.

ஆன்சஸ் 1951 செப்டம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோதே பிரிட்டன் இனிக் காப்பாற்றாது என்பது வெலிங்டனுக்கும் கான்பெராவுக்கும் புரிந்துவிட்டது. அவற்றின் அச்சமெல்லாம் ஜப்பான் மீண்டும் ஆயுதமேந்துமோ என்பதே. ஜப்பானோடு மென்மையான சமாதான உடன்படிக்கை செய்ய அமெரிக்கா விரும்பியது. அதற்கு இவ்விரு நாடுகளும் இணங்குவதற்குக் கொடுத்த ஆறுதலாகவே ஆன்சஸைப் பார்க்க வேண்டும். பசிபிக்கில் தாக்குதல் நேர்ந்தால் ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பு நடைமுறைப்படி செயல்படும் என்பதுதான் அதிலுள்ள வாக்குறுதி. அணு ஆயுதம் பற்றியோ கப்பல் வருகை பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

எழுபதுகளில் அந்த ஜப்பான் நியூசிலாந்தின் முக்கிய வாடிக்கையாளர் ஆகிவிட்டது. சோவியத் படைகள் எங்கோ தொலைவில் இருந்தன. நியூசிலாந்து மக்கள் தங்கள் கடலில் வெடிக்கக் கண்ட அணுகுண்டுகள் எல்லாமே நட்பு நாடுகளுடையவை: பிரிட்டன், அமெரிக்கா, 1966 முதல் மொருரோவா பவளத்தீவில் பிரான்ஸ். தென் அரைக்கோளத்தில் அணுகுண்டுகள் வேண்டாமென்று 1963-இலேயே சுமார் 80,000 பேர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1973-இல் நார்மன் கிர்க்கின் அரசு பிரான்ஸை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. அதோடு நிற்கவில்லை, ஃபிரேசர் கோல்மன் என்ற அமைச்சரையே 'ஒட்டாகோ' போர்க்கப்பலில் ஏற்றி மொருரோவாவுக்கு அனுப்பியது. எதிர்ப்பைத் தெரிவிக்க ஓர் அரசு போர்க்கப்பலையும் அமைச்சரையும் சோதனைத் தளத்துக்கே அனுப்புவது அரிது. லாங்கி ஆட்சிக்கு வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

பின்வந்த பிரதமர் ராபர்ட் மல்டூன் அமெரிக்க அணுசக்திக் கப்பல்களை வரவேற்றார். 1976-இல் 'டிரக்ஸ்டன்', 'லாங் பீச்' இரண்டும் வந்தபோது எதிர்ப்பாளர்கள் படகுகளில் போய் வழிமறித்தார்கள். பின்னர் உள்ளாட்சி மன்றங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஊரை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவிக்கத் தொடங்கின. 1984 ஜூனில், மல்டூனின் சொந்தக் கட்சி உறுப்பினர் மெரிலின் வேரிங் இந்தப் பிரச்சினையில் கட்சியை மீறத் துணிந்தார். மெல்லிய பெரும்பான்மையை நம்பி இருந்த மல்டூன் உடனே தேர்தலை அறிவித்தார். ஜூலை 14 அன்று தோற்றார்.

வெற்றி பெற்ற லாங்கி தொடக்கத்தில் அவ்வளவு கடுமையானவர் அல்லர். அணு ஆயுதம் இல்லாதவரை அணுசக்தியில் ஓடும் கப்பல்களை அனுமதிக்கலாம் என்று 1983-இல் சொல்லிப் பார்த்தவர். கட்சிதான் அவரைக் கட்டிப்போட்டது. அவருடைய நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் அப்போது சந்தைச் சீர்திருத்தங்களை வேகமாகப் புகுத்திக்கொண்டிருந்தார். அதில் மனம் வெந்த தொண்டர்களுக்கு விட்டுக்கொடுக்க அரசிடம் மிஞ்சியிருந்தது அணு எதிர்ப்புக் கொள்கைதான் என்று நினைக்க இடமிருக்கிறது.

பேச்சுவார்த்தை உண்மையாகவே நடந்தது. நியூசிலாந்தின் படைத் தலைவர் ஈவன் ஜேமிசன் ஹவாய்க்குப் போய், அணு ஆயுதம் இருக்க வாய்ப்பு மிகக் குறைந்த கப்பலாக அமெரிக்கர்களோடு சேர்ந்து தேர்ந்தெடுத்ததே புகானன். ஆனால் கப்பலில் அணு ஆயுதம் உண்டா என்றால், உண்டென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் விதி. அதன் கப்பல்களுக்குத் தளம் தந்த ஜப்பானில், அணு ஆயுதத்தை நாட்டுக்குள் விடுவதில்லை என்ற கொள்கை 1967 முதல் இருந்தது. டோக்கியோ கேள்வி கேட்காமல் இருந்தது. அதன் பின்னணியில் மறைமுகப் புரிதல் இருந்ததை 2010-இல் ஜப்பானிய அரசின் ஆய்வுக் குழுவே ஒப்புக்கொண்டது. வெலிங்டனுக்கு விலக்கு அளித்தால் டோக்கியோவும் கோபன்ஹேகனும் அதையே கேட்கும் என்று வாஷிங்டன் அஞ்சியது. கண்ணை மூடிக்கொள்ளும் ஜப்பானிய வழி நியூசிலாந்துக்குத் திறந்திருக்கவில்லை. ஊர் ஊராகத் தீர்மானம் போட்டவர்களிடம் அந்த வித்தை எடுபடாது.

நியூசிலாந்தின் அணு எதிர்ப்புக் கொள்கையை வேரூன்றச் செய்தது பிரான்ஸ். 1985 ஜூலை 10 இரவு ஆக்லாந்து துறைமுகத்தில், அணுச் சோதனை எதிர்ப்பாளர்களின் 'ரெயின்போ வாரியர்' கப்பலை பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். புகைப்படக்காரர் பெர்னாண்டோ பெரெய்ரா இறந்தார். வாஷிங்டனோ லண்டனோ வாய்திறந்து கண்டிக்கவில்லை. பிடிபட்ட இருவரை மீட்க, ஐரோப்பியச் சந்தையில் நியூசிலாந்து வெண்ணெய்க்கு இருந்த இடத்தையே பிரான்ஸ் ஆயுதமாக்கியது. 1986-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் வழங்கிய தீர்ப்பில் 70 லட்சம் டாலர் இழப்பீட்டோடு வெண்ணெய்க்கும் ஒரு விதி இடம்பெற்றது. கூட்டணி எதற்கு என்ற கேள்வி அந்த ஆண்டில் வீட்டுக் கூடங்களுக்கு வந்தது.

அப்போதும் மக்கள் ஆன்சஸை விட்டுவிடத் துடிக்கவில்லை. 1986-இல் அரசின் விசாரணைக் குழு எடுத்த கருத்துக் கணிப்பில், கூட்டணியில் இருக்க விரும்பியவர்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல். அணு ஆயுதம் வேண்டாம் என்றவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர். வாஷிங்டன் விதித்த தண்டனை இந்த இரட்டை மனத்தை மாற்றப் போதவில்லை. கூட்டுப் பயிற்சிகள் நின்றன, ராணுவ உளவுத் தகவல் குறைந்தது. வணிகத்தின் மீது தடை எதுவும் வரவில்லை. ஆஸ்திரேலியா இரு பக்கமும் உறவைக் காத்தது. தொலைத்தொடர்பு ஒட்டுக்கேட்பில் ஒத்துழைப்பு தொடர்ந்தது. அதற்கான வைஹோபாய் நிலையம் 1989-இல், முறிவுக்குப் பிறகுதான் இயங்கத் தொடங்கியது. இழப்பு தாங்கக்கூடியதாக இருந்ததால் 1987-இல் வந்த அணு ஆயுதமற்ற மண்டலச் சட்டத்தை 1990-இல் எதிர்க்கட்சியும் ஏற்றுக்கொண்டது.

அந்தச் சட்டம் அமெரிக்காவிடம் எந்த அறிவிப்பையும் கேட்பதில்லை. அணுசக்தியில் ஓடாத கப்பலானால், அதில் அணு ஆயுதம் இல்லையென்று பிரதமர் தாமே திருப்தியடைந்தால் போதும். 1991-இல் அமெரிக்கா தன் மேற்பரப்புக் கப்பல்களிலிருந்து அணு ஆயுதங்களை இறக்குவதாக அறிவித்துவிட்ட பிறகு அந்தத் திருப்தி கடினமானதும் அல்ல. இருந்தும் 2016 நவம்பரில்தான் 'சாம்ப்சன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தது. பிரதமர் ஜான் கீ தம் அதிகாரிகளின் கணிப்பைக் கொண்டு அனுமதி தந்தார். ஜேமிசன் 1984-இல் புகானனைத் தேர்ந்தெடுத்ததும் அதே வகையான கணிப்பில்தான்.