அணையில் தொடங்கி வெடியில் முடிந்த சட்டம்

அணைகளால் ஆற்று மீனுக்கு ஆபத்து என்று 1867இல் அரசுக்கு எழுதியவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும், கோதாவரியில் தவளேசுவரமும் கட்டிய அதே காட்டன்தான். தான் கட்டியதே மீனுக்கு வழிமறிப்பாகிவிட்டதோ என்ற சந்தேகம் கட்டியவருக்கே வந்தது அபூர்வம். கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும்போது ஆறேறி முட்டையிடும் உல்லம், அணையடியில் வந்து முட்டி நிற்கும். மேலே ஏறவும் முடியாமல் திரும்பவும் மனமில்லாமல் கூட்டமாகத் தேங்கும். வலைக்காரருக்கு அது கொண்டாட்டம். அடுத்த தலைமுறை உல்லத்துக்கு அதுவே முடிவு.

இதை விசாரிக்கும் வேலை பிரான்சிஸ் டே என்ற மருத்துவரிடம் வந்தது. 1852இல் மதராஸுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், மீன் பைத்தியம் பிடித்து, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். 1871இல் அவரை இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆக்கினார்கள். அணையைப் பார்க்கப் போன டே, ஆற்றில் வேறு பலவற்றையும் பார்த்தார். 1873இல் வெளிவந்த அவருடைய நன்னீர் மீன்வள அறிக்கைக்காகப் பல மாகாணங்களின் கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் போயின. உங்கள் பக்கம் மீன் குறைந்திருக்கிறதா? வலைக்கண் எவ்வளவு சிறியது? தண்ணீரில் நஞ்சு கலக்கிறார்களா?

கலந்தார்கள். கோடையில் ஆறு வற்றி, அங்கங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு ஆற்றை நிரப்ப வேண்டிய மீனெல்லாம் அந்த மடுக்களில்தான் ஒதுங்கியிருக்கும். கள்ளிப்பாலையோ, இடித்த மருக்காரைக் காயையோ, காக்கைக்கொல்லி விதையையோ அதில் கரைத்துவிட்டால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். பெரியதைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். விரல் நீளக் குஞ்சுகள் அங்கேயே அழுகும். மழைக்காலத்தில் வேறு கதை: வாய்க்கால் வழியாக வயலுக்கு ஏறிய குஞ்சுகள் திரும்பி இறங்கும் இடத்தில் பறி காத்திருக்கும். இவற்றைத் தடுக்கச் சட்டம் வேண்டும், வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும் என்றார் டே.

அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த தென் கன்னடத்தின் கலெக்டர் ஹென்றி சல்லிவன் தாமஸும் இதே கட்சி. தூண்டில் பிரியர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் தூண்டில்காரர்களிடையே பேசப்படுகிறது. ஏழைகளின் உணவு அழிகிறது என்ற வாதமும், தன் தூண்டிலுக்குப் பெரிய மீன் வேண்டும் என்ற ஆசையும் இந்தத் துரைமாரிடம் பின்னிக் கிடந்தன. எது முந்தியது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. நீலகிரியில் அந்த ஆசை இன்னும் வெளிப்படை. 1879இல் அங்கே வேட்டை விலங்குகளுக்கும் மீனுக்கும் சேர்த்து மதராஸ் அரசு போட்ட சட்டம், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்படும் மீன்களைக் காக்கவே ஓடைகளில் நஞ்சையும் சிறுகண் வலையையும் தடுக்கலாம் என்றது. டிரவுட் மீனைக் கொண்டுவர டேயே 1860களில் முயன்று தோற்றிருந்தார். அது அங்கே நிலைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். மீனுக்கு முன்னால் சட்டம் வந்து காத்திருந்தது.

காட்டன் எழுதிய அதே 1867இல்தான் ஐரோப்பாவில் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பாறை உடைக்கப் பிறந்த பொருள், வெகு சீக்கிரமே ஆற்று மடுவுக்கும் வந்து சேர்ந்தது. நஞ்சு கரைக்க ஆள் வேண்டும், காய் இடிக்க நேரம் வேண்டும். தோட்டாவுக்கு ஒரு திரியும் ஒரு தீக்குச்சியும் போதும்.

டேயின் அறிக்கைக்கு 24 ஆண்டுகள் கழித்து, 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. டே அதைப் பார்க்கவில்லை, 1889இலேயே இறந்துவிட்டார். மிகச் சின்னச் சட்டம். நாலாம் பிரிவு, மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ தண்ணீரில் வெடி வைப்பதைக் குற்றமாக்கியது. ஐந்தாம் பிரிவு நஞ்சையும் சுண்ணாம்பையும் தடுத்தது. தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். ஆறாம் பிரிவின்படி மாகாண அரசு விதி போட்டு, நிலைவலைகளையும் பொறிகளையும் கட்டுப்படுத்தலாம், வலைக்கு அளவு சொல்லலாம், ஒரு நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம்.

ஆற்றில் தடுப்பு கட்டுவதையும் அதே ஆறாம் பிரிவு கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆனால் அது குறிவைத்தது மீன் பிடிக்க ஊரார் கட்டும் தடுப்பை. காட்டன் கவலைப்பட்ட பெரிய அணைகளைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. பேச்சு தொடங்கியது சர்க்கார் அணையில், தண்டனை போய் விழுந்தது பறி வைத்தவன் தலையில். 1934இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளம் குறைந்த பிறகு காவிரியில் உல்லம் ஏறுவது தேய்ந்துபோனது. அதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?

1897 சட்டத்தில் உரிமச் சீட்டு என்ற ஏற்பாடும் இல்லை. குறிப்பிட்ட நீர்நிலைகளில் குத்தகையோ உரிமமோ இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை, மதராஸ் மாகாணம் பிற்பாடு ஒரு திருத்தம் போட்டு எடுத்துக்கொண்டது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் போய் வலை விரிப்பவர்கள் உரிமம் பெற்ற மீனவர்களாக ஆனது இந்த வழியில்தான்.

சட்டத்தை அமல்படுத்துவது எப்படி? அதற்கு ஏழாம் பிரிவு. வாரண்ட் இல்லாமல் போலீஸ்காரர் கைது செய்யலாம், ஆனால் குற்றம் அவர் கண்முன்னே நடக்க வேண்டும். அதோடு, ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கேட்டாலும் பேரும் ஊரும் சொல்ல மறுத்திருக்க வேண்டும், அல்லது சொன்னது பொய் என்று சந்தேகம் வர வேண்டும். கிராமத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிளுக்குத் தன் எல்லையில் ஆற்றோரம் வெடி போடுகிறவர் யாரென்று தெரியாதா? தெரிந்திருந்தால், அந்தப் பிரிவின்படி அவரை அங்கேயே பிடிக்க முடியாது. சம்மன் அனுப்பி, சாட்சி தேடி, வழக்கு நடத்த வேண்டியதுதான். வெடி சத்தம் கேட்டு ஓடி வந்தவர் கண்ணில் படுவதோ மிதக்கும் மீனும், அதைக் கூடையில் அள்ளும் பத்துப் பேரும். அவர்களில் திரி கொளுத்தியது யார் என்று சொல்ல ஊரில் ஒருத்தரும் முன்வர மாட்டார்கள்.