பகதூர் போனார், சுபேதார் நின்றார்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘சுபேதார்’ என்று அச்சடித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் சம்பந்தி வீட்டுத் தாத்தா பத்மஸ்ரீ வாங்கியவராக இருந்து, அதைப் பெயரோடு ஒட்டிப் போட்டால் அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு விரோதம். நாட்டின் உயர்ந்த விருது பெயருக்கு முன்னால் நிற்கக் கூடாது, படைப் பதவி நிற்கலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தென்னாட்டுச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிப் பெயர் பெற்றவர் யூசுப் கான். மக்கள் வாயில் அவர் ‘கம்மந்தான் கான்சாகிபு’. பிறகு அதே கம்பெனியை எதிர்த்து நின்றதால், 1764இல் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். உயிரை எடுத்த கம்பெனியால் அந்த மரியாதையை எடுக்க முடியவில்லை. நாட்டுப்புறக் கதைப்பாடலிலும் மதுரைத் தெருப் பெயரிலும் அவர் கான்சாகிபாகவே இருக்கிறார்.

மரியாதையைத் தன் கையில் வைத்து அளந்து கொடுக்க வேண்டும் என்பதைக் கம்பெனி பிறகு நன்றாகப் புரிந்துகொண்டது. 1837இல் ‘ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ என்ற விருதை ஏற்படுத்தி, நெடுங்காலம் விசுவாசமாக உழைத்த இந்திய அதிகாரிகளுக்கு வழங்கியது. முதல் வகுப்பு வாங்கியவர் ‘சர்தார் பகதூர்’, இரண்டாம் வகுப்பு வாங்கியவர் வெறும் ‘பகதூர்’. படைக்கு வெளியே ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று இன்னொரு படிக்கட்டு தனியாக ஏறியது.

பட்டாளத்துக்குள் நிலைமை விசித்திரமானது. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் வைஸ்ராயின் ஆணை பெற்ற அதிகாரிகள். நரைத்த மீசையும் நெஞ்சு நிறையப் பதக்கங்களுமாக நிற்கும் சுபேதார் மேஜர்கூட, நேற்று இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய் அவருக்கு சல்யூட் அடிக்கக் கடமைப்பட்டவன் அல்ல. ஆனால் ஒரு மரியாதை மட்டும் கட்டாயமாக இருந்தது. அந்த இளம் லெப்டினன்ட் அவரை ‘சுபேதார் சாகிப்’ என்றே விளிக்க வேண்டும். அதிகாரத்தில் விட்டுக்கொடுக்காததை அழைப்பில் ஈடுகட்டிய ஏற்பாடு அது. இன்றும் இந்திய ராணுவத்தில் இளம் அதிகாரி, தந்தை வயதுள்ள சுபேதாரை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

அடிமட்டச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய ஊர்களில் அரசாங்கம் கல்வெட்டுகள் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர்விட்டவர்கள் இத்தனை பேர் என்று அவற்றில் கணக்கு இருக்கும். போனவர்களின் பெயர் இருக்காது.

பட்டங்கள் மீதான கோபம் இதற்குள் நாட்டில் மூண்டுவிட்டது. சென்னையின் புகழ்பெற்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். 1920இல் காந்தி, கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தோடு போயர் போரிலும் ஜூலூப் போரிலும் ஆற்றிய சேவைக்காகப் பெற்ற பதக்கங்களையும் திருப்பி அனுப்பினார்.

ஆகவே அரசியல் நிர்ணய சபை கூடியபோது, பட்டங்களை ஒழிப்பதில் பெரிய தகராறு எழவில்லை. 1948இல் அந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாண உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளுக்கு மட்டும் தடை கூடாது என்பது அதன் சாரம். திருத்தம் ஏற்கப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு பட்டம் வழங்குவதைத் தடுக்கிறது. பகதூர்கள் போனார்கள். டாக்டரும் மேஜரும் தங்கினார்கள்.

விலக்கு எவ்வளவு உறுதியானது என்பது 1977இல் தெரிந்தது. ஜனதா அரசு பாரத ரத்னாவையும் பத்ம விருதுகளையும் நிறுத்தி வைத்தது. 1980இல்தான் அவை திரும்பின. பரம்வீர் சக்ரா போன்ற வீர விருதுகளில் அந்த அரசு கைவைக்கவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம், பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே அவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

படைப் பதவியை எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘கர்னல் (ஓய்வு) இன்னார்’ என்று எழுதுவது பிழை. ‘கர்னல் இன்னார் (ஓய்வு)’ என்பதே முறை. ஓய்வு பெறுபவர் மனிதர், பதவி அல்ல என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். பேச்சில் லெப்டினன்ட் கர்னலையும் ‘கர்னல்’ என்றே அழைக்கலாம். மேஜர் ஜெனரலையும் ‘ஜெனரல்’ எனலாம். கடற்படை கேப்டனிடம்தான் பலர் தடுமாறுகிறார்கள். அவர் ராணுவக் கேப்டனுக்கு அல்ல, கர்னலுக்குச் சமமானவர். சல்யூட்டைப் பொறுத்தவரை, சீருடை அணியாத குடிமக்கள் அடிக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அணிவகுப்பில் தேசியக் கொடி கடந்து போகும்போதுகூட, சீருடையில் இருப்பவர்தான் சல்யூட் அடிக்க வேண்டும். மற்றவர்கள் கொடியைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் போதும் என்கிறது கொடி விதி.

கௌரவப் பதவிகளும் பெயரோடு சேரும். 1987இல் சியாச்சின் பனிமுகட்டில் எதிரியின் காவல்நிலையைக் கைப்பற்றிய பானா சிங் அப்போது நாயிப் சுபேதார். பரம்வீர் சக்ரா பெற்ற அவர், கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார்.

‘ஓய்வு’ என்ற சொல்லே ஒட்டாத பதவி பீல்டு மார்ஷல். அதை எட்டியவர் சாகும்வரை பணியில் இருப்பதாகவே கணக்கு. 1953இல் ஓய்வு பெற்ற ஜெனரல் கரியப்பாவுக்கு 1986இல் அந்தப் பதவி கிடைத்தது. முப்பத்துமூன்று ஆண்டு பெயருக்குப் பின்னால் நின்ற ‘ஓய்வு’ அன்றோடு அழிந்தது.

அவருக்கு முன்பே, 1973இல் பீல்டு மார்ஷல் ஆனவர் சாம் மானெக்ஷா. குன்னூரில் குடியேறி, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தவர். தளபதியாக இருந்தபோது கூர்க்கா சிப்பாய் ஒருவரிடம், “என் பெயர் தெரியுமா?” என்று கேட்டாராம். “சாம் பகதூர்” என்று பதில் வந்ததாம். குடியரசு ஒழித்த பகதூரை ஒரு சிப்பாய் திரும்பக் கொண்டுவந்து தன் தளபதிக்கே சூட்டிவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது.

அதில் சட்டமீறல் ஏதுமில்லை. 18ஆவது பிரிவு கட்டிப்போடுவது அரசின் கையைத்தான். மக்களின் வாயை அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பென்ஷனோடு திரும்பிய சிப்பாயை ‘பட்டாளத்தார்’ என்று ஊரே அழைக்க எந்த அரசிதழும் தேவைப்படவில்லை. ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் நடித்த சுந்தர்ராஜன் கடைசிவரை ‘மேஜர்’ சுந்தர்ராஜன்தான். 1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தில் நடித்த விஜயகாந்தை ரசிகர்கள் கேப்டன் ஆக்கினார்கள். அந்தப் பதவியோடுதான் அவர் கட்சி தொடங்கித் தேர்தலிலும் நின்றார்.