விரலும் கண்டென்சரும்

வால்வு ரேடியோக்கள் கூடத்து மேஜைமேல் கௌரவமாக வீற்றிருந்த காலத்தில், பேச்சு மூச்சற்றுக் கிடக்கும் ஒரு ரேடியோவைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், பின்பலகையைக் கழற்றி, இடக் கையை முதுகுப்புறமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, வலக் கையில் பிடித்த திருப்புளியின் இரும்புத் தண்டில் ஒரு விரலைப் படியவிட்டு, அதன் நுனியால் வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் தொடுவார். தொட்ட மாத்திரத்தில் ஸ்பீக்கர் அடித்தொண்டையில் 'ம்ம்' என்று முனகுமானால், அவ்விடம் தொடங்கி ஸ்பீக்கர் வரையில் உயிர் இருக்கிறதென்றும், குற்றம் ஏரியல் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறதென்றும் அவர் நிச்சயித்துவிடுவார். வீட்டுச் சுவர்களுக்குள் விநாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிற மின்சாரத்தின் சாயலை அவருடைய தேகமே ஏரியல்போல் வாங்கி, விரல் வழியாக வால்வின் கிரிட்டுக்கு அனுப்புகிறது என்பதே அந்த முனகலின் ரகசியம். இடக் கையை ஒதுக்கியதற்கும் காரணம் உண்டு; அதே பெட்டிக்குள் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வேறு முனைகளில் காத்திருக்க, அது ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்குமானால் நடுவில் இருப்பது இருதயம்.

தேகத்துக்கு இதனின் வேறான இன்னொரு சுபாவமும் உண்டு. இரண்டு உலோகத் தகடுகளைச் சிறிது இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்தினால் அது கண்டென்சர். ஒரு தகட்டின் ஸ்தானத்தில் மனிதனுடைய விரல் நின்றாலும் அது கண்டென்சரே. 1920-களில் தம் கையாலேயே ரேடியோ கட்டிய ஆர்வலர்கள் இந்த உண்மையை முதலில் ஒரு தொல்லையாகத்தான் அறிந்தார்கள். தூரத்து நிலையம் ஒன்றை அரும்பாடுபட்டுப் பிடித்துவிட்டு, குமிழிலிருந்து கையை எடுத்ததும் நிலையம் நழுவிப் போகும். கையைக் கிட்டக் கொண்டுபோனால் கருவி ஊளையிடும். முகப்புப் பலகைக்குப் பின்னால் எர்த்தோடு இணைத்த தகடு ஒன்றை மறைப்பாக வைத்தும், குமிழின் தண்டை நீளமாக்கியும் அவர்கள் இந்தக் 'கைக் கெப்பாசிட்டி'யிலிருந்து தப்பிக்கப் பார்த்தார்கள்.

பிறர் மறைக்க முயன்ற அந்தக் குறையை ஒருவர் சங்கீதமாகவே ஆக்கிவிட்டார். 1920-ஆம் ஆண்டில் பெட்ரோகிராடில் வாயுக்களின் மின்குணங்களை அளக்கும் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த ரஷ்யப் பொறியாளர் லெவ் தெர்மென், தம் கை அசையும்போதெல்லாம் கருவியில் கேட்ட சுருதி ஏறி இறங்குவதைக் கவனித்தார். செல்லோ வாசிக்கப் பயின்றவராதலால், அதில் பழுதைக் காணாமல் ஸ்வரத்தைக் கண்டார். தொடாமலே வாசிக்கிற அந்த வாத்தியத்தை 1922-இல் லெனின் முன்னிலையில் வாசித்துக் காட்டினார். 1928-இல் அமெரிக்காவில் அதற்குப் பேடண்ட் உரிமையும் பெற்றார்.

பின்னர் 1965-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரத்து ராஜாங்க ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் இ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்தை நடத்துவோர் திரையைத் தொட்டே வேலை செய்யலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் விவரித்தார். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலோ, புதிதாகக் கட்டிவந்த பெரிய துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையை ஆயிரக்கணக்கான பொத்தான்களால் நிரப்ப வேண்டியிருந்த சங்கடத்துக்குப் பரிகாரமாக, டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஸ்டும்பே என்ற பொறியாளர் 1972 மார்ச்சு மாதத்தில் கையெழுத்துக் குறிப்பு ஒன்றை எழுதினார். கண்ணாடியின்மேல் 80 மைக்ரான் அகலமுள்ள செப்புக் கோடுகளைப் பார்வைக்குத் தெரியாதபடி பதித்துக் கண்டென்சர்களாக்கி, விரல் நெருங்கும்போது ஏற்படும் சிறு மாறுதலை அளப்பதே அவர் யோசனை. இன்று நம் கைப்பேசி செய்கிற வேலையின் சாரம் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

அந்த வித்தை இப்போது கட்டைவிரல் நகத்தளவு பலகையாகி, மாணவர்களின் மேஜைக்கு வந்துவிட்டது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகை பிறந்த பிறகு, வீட்டு மேஜையில் மின்னணுவியல் பழகுவோர் தொகை பெருகிற்று. ஆனால் பலகை ஊமையாகிவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் மெக்கானிக்தான் பக்கத்தில் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் என் மேஜை விளக்குக்கென்று தொடுகையை உணரும் டிடிபி223 சில்லு பதித்த மூன்றுகால் பலகை ஒன்றை மெல்லிய அக்ரிலிக் தகட்டின் அடியில் ஒட்டினேன். மடிக்கணினியோடு இணைத்திருந்தவரை சொன்னபடி கேட்ட அது, பேட்டரிக்கு மாற்றியதும் எத்தனை தடவினாலும் அசையவில்லை. பழைய வழக்கப்படி முனையிலிருந்து தேடத் தொடங்கினேன். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைக்காமல் பலகையின் கால்களிலேயே வைத்துப் பார்த்தேன். வேண்டிய 2 முதல் 5.5 வோல்ட் வரம்புக்குள்தான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. துளையில் வெறுமனே செருகிய கால் பார்வைக்கு ஈயம் பிடித்ததுபோலவே இருந்து ஏமாற்றும் என்பதால், மூன்று கால்களையும் மறுபடி சால்டர் செய்தேன். மின்சாரம் கொடுத்த முதல் அரை விநாடியில் விரல் மேலே இருந்தால், அந்த விரலையே வெறுமை என்று சில்லு கணக்கிட்டுக்கொள்ளும். ஆகையால் கையை விலக்கிவைத்து மீண்டும் இயக்கினேன். பயனில்லை.

கடைசியில் எதையோ சரிபார்க்க இடக் கை விரல் தற்செயலாகக் கிரவுண்ட் கம்பியில் பட்டிருக்க, வலக் கை விரலால் தகட்டைத் தொட்டேன்; விளக்கு எரிந்தது. கம்பியை விட்டேன், அணைக்க முடியவில்லை; கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டு தொட்டேன், அணைந்தது. மடிக்கணினி சார்ஜர் வழியாகச் சுவர் மின்சாரத்தோடு உறவு கொண்டிருந்தபடியால், பலகைக்கும் நான் நின்ற தரைக்கும் பொதுவான ஓர் ஆதாரம் இருந்தது. பேட்டரியில் தனித்து மிதந்தபோது என் விரல் உண்டாக்கிய மாறுதலை அளக்க அதற்குப் போதிய பிடிமானம் இல்லை. விளக்கின் அடிப்பாகத்தில் அலுமினியத் தாளை விரித்து, தொடும் இடத்துக்கு நேர்கீழே மட்டும் வராதபடி வெட்டி, கிரவுண்டோடு இணைத்தேன். அன்று முதல் அது தவறியதில்லை.

அந்தக் குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது மீட்டர் அன்று, விரல்தான். கருவிகளைக் கண்டுபிடித்தவர்களின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. கருவி பேசாதபோது விரலையே சோதனைச் சாதனமாக்கிப் பேசவைத்தவர்களின் அநுபவமோ பெரும்பாலும் அவர்கள் கையோடேயே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் வால்வு ரேடியோவைப் பழுது பார்த்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், ஊமையான உங்கள் பலகையை எடுத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது அவரிடம் போங்கள்; அவர் எதை முதலில் தொடுகிறார், எதை அடுத்துத் தொடுகிறார் என்பதை அந்த வரிசையிலேயே எழுதி வையுங்கள்.