தோட்டாவின் பெயர்களும் எல்க் மானும்: ஒரு வேட்டைக் கருவியின் வரலாறு

'எல்க்' என்னும் ஆங்கிலச் சொல் மூன்று கண்டங்களில் மூன்று விலங்குகளைச் சுட்டியிருக்கிறது. ஐரோப்பாவில் அது அகன்ற கொம்புடைய மூஸ். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர், அங்குக் கண்ட வேறொரு பெருமானுக்கு அப்பெயரைச் சூட்டினர். ஷானி மொழியினரோ அதன் வெளிறிய பின்புறத்தைக் கருதி 'வாப்பிட்டி' என்றனர். இலங்கை மலைநாட்டில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தமிழகத்தில் கடமான், மிளா எனவும் ஈழத்தில் மரை எனவும் வழங்கும் விலங்கை எல்க் என்றே எழுதினார்.

இங்குப் பேசப்படுவது அமெரிக்க எல்க். ராக்கி மலைத்தொடரின் முதிர்ந்த ஆண், ஏறத்தாழ 300 கிலோ எடை கொண்டது. அதனைத் தொலைவிலிருந்து வீழ்த்த எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்ற விவாதம் அந்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாழும் நமக்கு இது அயலான பொருள்தான். எனினும், ஒரு கருவியின் பெயர் அதன் பிறப்பிடத்தை எவ்வாறு காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

1873இல் அமெரிக்கப் படை ஏற்ற தோட்டாவின் பெயர் .45-70. முதல் எண் அங்குலத்தில் குண்டின் விட்டம். இரண்டாவது, கிரெய்ன் கணக்கில் கருமருந்தின் எடை. அக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் சென்றது. கனமான குண்டு, குறைந்த வேகம். ஆகவே அதன் பாதை வில்லாய் வளைந்தது. 200 மீட்டருக்கு அப்பால் தூரத்தைச் சற்றே தவறாகக் கணித்தாலும் குண்டு விலங்கின் மேலோ கீழோ போய்விடும்.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையிலா வெடிமருந்தைக் கண்டறிந்தார். 1895இல் வின்செஸ்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த .30-30 தோட்டாவில் மருந்து புதியது. பெயரிடும் முறையோ பழையது. அடுத்து வந்தது .30-06. அதன் இரண்டாம் எண் எடையைக் குறிப்பதன்று. படை அதனை ஏற்ற 1906ஆம் ஆண்டைக் குறிப்பது. இடைக்கோடு அப்படியே இருக்க, அதன் பொருள் மாறிவிட்டது. கூர்முனைக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. எல்க் வேட்டையின் எல்லை ஒரே தலைமுறையில் இரு மடங்கிற்கு மேல் விரிந்தது.

அப்போது சுடுவதற்கு எல்க்குகள்தாம் அருகிவிட்டன. ஐரோப்பியர் வருகைக்கு முன் ஒரு கோடி அளவில் இருந்தவை என மதிக்கப்படும் இவ்விலங்குகள், இறைச்சி, தோல், கோரைப்பல் ஆகியவற்றுக்காகக் கொல்லப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தன. பின்னர் உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியன வந்தன. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், ரைஃபிள்கள் மீதும் தோட்டாக்கள் மீதுமான 11 விழுக்காட்டு வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பியது. இன்று எல்க்குகள் ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு பருவத்துக்கு ஒரு விலங்கு என்ற நிலை வந்தபின், ஒவ்வொரு குண்டும் தவறாதிருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தோட்டா விவாதம் சூடேறியது இந்தச் சூழலில்தான்.

அதன் இரு முனைகளில் இருவர் நின்றனர். ஜாக் ஓகானர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கற்பித்த பேராசிரியர்; நாவலாசிரியர்; பின்னர் 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். 1925இல் வந்த .270 வின்செஸ்டரே போதும், இலகுவான குண்டு வேகமாகச் சென்று சரியான இடத்தில் பட வேண்டும் என்பது அவர் கட்சி. எல்மர் கீத் ஐடஹோ மாநிலத்துப் பண்ணையாள், வேட்டை வழிகாட்டி. விலங்கு எப்பக்கம் திரும்பி நின்றாலும் எலும்பை உடைத்து உள்ளே செல்லும் கனத்த, பருத்த குண்டு வேண்டும் என்றார் அவர். ஓகானர் குறி தவறாத கையை முன்வைத்தார். கீத் தவறும் கையைக் கணக்கில் கொண்டார். 1958இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம், கீத் வாதத்தின் வணிக வடிவம் எனலாம்.

'மேக்னம்' என்பது 'பெரியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பெரிய மதுப்புட்டியின் பெயராக வழங்கிப் பின் தோட்டாவுக்கு வந்தது. 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .375, 1940களில் ராய் வெதர்பியின் அதிவேகத் தோட்டாக்கள், 1962இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963இல் .300 வின்செஸ்டர் மேக்னம் என அது பெருகியது. பெயரில் எடையும் ஆண்டும் இருந்த இடத்தில் நிறுவனமும் பெருமிதமும் அமர்ந்தன.

ஆனால் சிக்கலின் முடிச்சு தோட்டாவில் இல்லை. குண்டின் உட்கட்டமைப்பில் இருந்தது. முழுதும் உலோக உறை மூடிய படைக்குண்டு, விரியாமல் உடலைத் துளைத்து வெளியேறிவிடும். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் கேப்டன் பெர்டி-கிளே உருவாக்கிய விரியும் குண்டு, இக்குறையைப் போக்க எழுந்ததே. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு போரில் அதனை விலக்கியது. மனிதர்மீது கொடுமை எனத் தள்ளப்பட்ட அதே இயல்பு, வேட்டையில் விலங்கின் துன்பத்தைச் சுருக்கும் வழி எனக் கொள்ளப்படுகிறது. அமெரிக்க மாநிலங்கள் பல, விரியாக் குண்டைப் பெருவிலங்கு வேட்டையில் தடைசெய்துள்ளன.

விரியும் குண்டுக்கும் குறை உண்டு: மேக்னம் வேகத்தில் அது தோள் எலும்பிலேயே சிதறிவிடும். 1946இல் கனடாவில் ஒரு மூஸின்மேல் தம் குண்டுகள் இவ்வாறு பயனற்றுப் போனதைக் கண்ட ஜான் நாஸ்லர், நடுவே செப்புச் சுவர் வைத்த குண்டை அமைத்தார். முன்பகுதி விரியும்; பின்பகுதி குலையாமல் ஊடுருவும். நல்ல குண்டு வந்தபின் ஓகானரும் கீத்தும் தத்தம் வழியில் சரியானவர்களாயினர்.

இந்நூற்றாண்டு தொலைவை மீண்டும் நீட்டியது. லேசர் தூரமானி, காற்றைக் கிழிக்கும் நீண்ட குண்டு, கைப்பேசியில் பாதைக் கணிப்பு ஆகியன வந்தன. 2007இல் வந்த 6.5 கிரீட்மூரின் பெயர், 1870களில் நியூயார்க்கில் ஆயிரம் கஜப் போட்டிகள் நடந்த ஒரு துப்பாக்கி சுடுகளத்தினுடையது. இலக்குப் பலகை நகர்வதில்லை, எல்க் நகரும். 600 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ ஒரு நொடி வேண்டும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக்காற்று அத்தொலைவில் குண்டை அரை மீட்டருக்கும் மேலாக விலக்கும். நுரையீரலும் இதயமும் அடங்கிய பரப்போ அதனினும் சிறிது.

வேட்டை இதழ்களில் வழங்கும் கணக்கின்படி, எல்க்கைச் சேரும்போது குண்டில் 2,000 ஜூல் அளவு ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும். 180 கிரெய்ன் குண்டுடன் .30-06 இதனை ஏறத்தாழ 400 மீட்டர் வரை தாங்கும். அதே குண்டுடன் .300 மேக்னம், நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். அதற்கு விலையாகத் தோளில் உதைப்பு கூடும். உதைக்கு அஞ்சும் கை, விசையை இழுக்கையில் துணுக்குறும். எனவே தேர்வின் வரிசை இதுவாகும்: முதலில் குண்டின் கட்டமைப்பு, அடுத்து, அஞ்சாமல் பயில இயலும் தோட்டா, இறுதியாக, அப்பயிற்சி காட்டும் தொலைவைத் தாண்டாத உறுதி. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், மிகுதொலைவுச் சூட்டை நேரிய வேட்டையாக ஏற்க மறுப்பதும் இதனால்தான்: தன் புலன்களால் ஆபத்தை அறியும் வாய்ப்பு அங்கு விலங்குக்கு இல்லை.

இங்குச் சுட்டிய பெயர்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். .45-70, .30-06 படையிலிருந்து வந்தவை, மேக்னம்கள் சந்தையிலிருந்து, கிரீட்மூர் சுடுகளத்திலிருந்து. எல்க் நின்ற மலைச்சரிவிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. 'எல்க்' என்ற பெயரே அவ்விலங்குக்கு வேறிடத்திலிருந்து வந்ததுதான். அதன் தரப்பைத் தோட்டாவின் பெயர் ஒருபோதும் சொன்னதில்லை. சட்டமும், நாஸ்லரின் செப்புச் சுவரும், விசையிலிருந்து விரலை எடுத்த வேட்டைக்காரரின் தயக்கமுமே சொல்லியிருக்கின்றன.