துருசு: வன்னிக் குளங்களில் நீர்விசையை ஆண்ட வரலாறு

வன்னியில் பழைய நீராலை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு எதுவுமில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் ஓடை நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கொழுந்து உருட்டும் பொறியைச் சுற்றியது. இமயச் சரிவுகளில் இன்றும் ஓடை நீரால் மாவரைக்கும் கல் சுழல்கிறது. வன்னியிலோ உரலும் உலக்கையும் நெல்லைக் குற்றின. அவற்றுக்குப் பின் எஞ்சின் பூட்டிய அரிசி ஆலைகள் வந்தன. நடுவில் நீர்ச்சக்கரத்துக்கு இடமே வாய்க்கவில்லை. நிலம் சமதரை, ஆறுகளோ மாரியில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை.

ஆனாலும் வன்னியில் நீர்விசை இருந்தது. குளக்கட்டின் அடியில், நீரை வெளிவிடும் மதகான துருசின் வாயில் இருந்தது. அந்த விசையை அடக்கி வயலுக்கு அனுப்பியதே இந்த மண்ணின் பொறியியல். நீராலையின் வரலாற்றுக்கு இணையாக வைத்துப் படிக்க வேண்டியது துருசின் வரலாறு என்பது என் கருத்து.

கணக்கு எளியது. குளத்தில் 30 அடி நீர் நின்றால், அடியில் உள்ள துவாரம் வழியே அது நொடிக்கு ஏறக்குறைய 44 அடி வேகத்தில் பாயப் பார்க்கும். உராய்வில் கொஞ்சம் குறைந்தாலும், மண் கட்டை உள்ளிருந்து அரித்துத் தின்ன அந்த வேகம் போதும். இதே விசை ஆலைக்காரனுக்கு வரம், குளக்காரனுக்கு எமன். பண்டைய கட்டுநர்கள் கண்ட தீர்வு, கட்டின் உட்சரிவில் கல்லால் வரிந்த சதுரக் கிணறு. குளத்து நீர் முதலில் கிணற்றுக்குள் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கட்டின் கீழான கற்கால்வாய்க்குள் நுழையும். சிங்களத்தில் இதனைப் பிசோக்கொட்டுவ என்பர்.

இந்தக் கிணற்றின் பயனை நவீன பொறியியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஹென்றி பார்க்கர். பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இலங்கையில் பணிபுரிந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் அவர். நீரைத் திறந்து மூடும் கதவுகள் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இயங்கின என்பது அவர் முடிவு. 1909இல் வெளியான ‘பண்டைய இலங்கை’ பற்றிய ஆங்கில நூலில், செங்கற்களின் அளவைக் கொண்டு குளங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளத்தை மிகப் பழையவற்றுள் ஒன்றாக வைத்தார். செங்கல் அளவை மட்டும் நம்பிக் காலம் சொல்வதை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் உடைந்து கிடந்த துருசுகளுக்குள் இறங்கி அளவெடுத்த அந்த உழைப்புக்கு வன்னி கடன்பட்டிருக்கிறது.

அந்த நூல் வெளியாவதற்கு முன்பே, 1885இல், பார்க்கர் இரணைமடுக் குளத்துக்குத் திட்டம் வரைந்தார். வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறிப்பது, 20,000 ஏக்கரளவு நிலத்துக்குப் பாய்ச்சுவது. திட்டம் ஏட்டில் பல ஆண்டு கிடந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் உருவான பின், 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. இடையில் 1905இல் வடக்குத் தொடருந்துப் பாதையும் முழுமை பெற்றது. குடியேற்றத்துக்கும் நெற்செய்கைக்கும் பரந்தன், கிளிநொச்சி வெளிகள் இவற்றின் பின்னரே திறந்தன. இரட்டைக் குளங்களாகக் கிடந்து, நிரம்பும்போது ஒன்றாவதால் ‘இரணை’ மடு என்ற பெயர் வந்தது என்பர்.

முதலில் 40,000 ஏக்கர்-அடி நீர் கொண்ட குளம், 1948 முதல் பல கட்டங்களாகக் கட்டு உயர்ந்து, 1977 அளவில் 106,500 ஏக்கர்-அடியானது. ஒவ்வோர் உயர்வும் அடியில் அழுத்தத்தைக் கூட்டியது. துருசும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டியிருந்தது. பண்டைய குளங்களில் கல் கிணறு செய்த வேலையை இங்கே இரும்புக் கதவும் திருகுத் தண்டும் செய்தன.

கட்டில் நடந்து போகிறவர் இதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு புறம் அலைகரைக் கற்களில் நீர் மோதும் ஓசை. மறுபுறம், தாழ்வில், பச்சை வயல்வெளி. துருசு மேடையில் கிரீஸ் படிந்த திருகுத் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. பிடியைச் சுற்றச் சுற்ற, கதவு ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடைகூட ஏறாது. சற்றுப் பொறுத்தால், காலடியில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. கட்டின் வெளிப்புறத்தில் நீர் நுரைத்துக் கிளம்பி, தொட்டியில் சுழன்று அடங்கி, வாய்க்காலில் தெளிந்து நகர்கிறது. நீராலையில் நீர் சுற்றுகிறது, மனிதன் பார்த்து நிற்கிறான். இங்கே மனிதன் சுற்றுகிறான்.

எப்போது, எவ்வளவு சுற்றுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நீர்ப் பங்கீட்டைக் கவனித்த ஊர் அலுவலரான வட்டவிதானை பார்த்த வேலையை 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது; இன்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். சிறுபோகக் கூட்டத்தில் முதற் கேள்வி, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதே. அந்த அடியை வைத்துத்தான் விதைக்கும் ஏக்கர் தீர்மானமாகிறது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கமக்காரர் எதிர்த்தபோது அவர்கள் நினைத்ததும் இந்த அடிக்கணக்கைத்தான். பின்னர் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

போருக்குப் பின் நடந்த புனரமைப்பில் குளம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தது. கொள்ளளவு 148 மில்லியன் கனமீற்றர். 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறப்பு விழா நடந்தது. அதே மாதம் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் வான்கதவுகள் அனைத்தும் திறக்கப்பட, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவை எந்த நேரத்தில், எவ்வளவு உயர்த்தியிருக்க வேண்டும் என்று அன்று மாவட்டமே கேட்டது. முன்னறிவிப்பும் மழைமானியும் கைக்கு வந்த காலத்திலும், கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்வது கட்டை அடைவதற்குள் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். மாரி பிறந்தால் கட்டில் இரவுக் காவல் போடுகிறார்கள். கையில் ரோர்ச், கண் நீர்மட்டக் கம்பத்தின் கறுப்புக் கோட்டில்.