தொட்டிக்கரியும் வாயு அணுக்களும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களைச் சுற்றியும், எல்லையின் தமிழகப் பக்கத்தில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்களிலும், இடுக்கி மலைகளின் அடிவாரமான கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று காணப்படும் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி, மலையாளக் கரையோரத் தோப்புகளின் தொன்மை உடையவை அல்ல. மேற்கே பாய்ந்த ஆறுகளின் நீரைக் கிழக்கே திருப்பிய பிறகு பரவியவை. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தந்தது. 1958 முதல் செல்லுபடியாகும் வகையில் 1970இல் ஒப்பந்தம் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், பொள்ளாச்சிச் சமவெளியை நனைத்ததோடு, சிற்றூர்ப் பாசனத்துக்கென ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரையும் ஒதுக்கியது. தோப்புகள் பெருகவே கொப்பரைக் களங்களும் பெருகின. களத்தோரங்களில் தேங்காய்த் தொட்டி மலைபோல் குவிந்தது.

அதைக் கரியாக்கும் வழக்கம் முன்பே இருந்ததுதான். சாம்பல் குறைவு, கணப்பு நெடுநேரம் நிற்கும் என்பதால் பொற்கொல்லரின் குமுட்டிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அந்தக் கரி உகந்தது. குழிக்குள் தொட்டியைப் பற்றவைத்து, தீ பரவப் பரவ மேலும் கொட்டி நிரப்பி, இறுதியில் தகரத்தாலும் மண்ணாலும் மூடிக் காற்றை அடைத்துவிட்டால், மூன்று பங்கு தொட்டிக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரி கிடைக்கும்.

இக்கரியின் இன்னொரு குணத்தைத் துல்லியமாக அளந்தவர், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய ஜேம்ஸ் டிவார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனைகளில், ஒரு கன சென்டிமீட்டர் தேங்காய்த் தொட்டிக்கரி 0 டிகிரி செல்சியஸில் 4 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனையே பிடித்தது. திரவக் காற்றில் அமிழ்த்தி −185 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதே கரி 135 கன சென்டிமீட்டரைப் பிடித்தது. எதனோடும் சேராத ஹீலியம்கூட 2லிருந்து 15 ஆயிற்று. வாயு கரிக்குள் கரைவதும் இல்லை, அதனோடு வேதிவினை புரிவதும் இல்லை. அதன் பரப்பில் ஒட்டி நிற்கிறது. இதுவே பரப்புக் கவர்ச்சி எனப்படுகிறது. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயு ஏவப்பட்டபின் இந்த ஆய்வகக் குணம் உயிர் காக்கும் தேவையாகிவிட, வாயு முகமூடிகளில் இடும் கரிக்குத் தொட்டியே சிறந்த மூலப்பொருளாக மதிக்கப்பட்டது. அது போதாமல் 1918இல் அமெரிக்க வீடுகளில் பழக்கொட்டைகளைக்கூடத் திரட்டினார்கள்.

தொட்டிக்கரி இவ்வளவு வாயுவைப் பிடிப்பதற்கான காரணம் தொட்டியின் உடலிலேயே இருக்கிறது. அதில் மிகுந்துள்ள லிக்னின் என்ற பொருள், ஆறு கார்பன் அணுக்கள் வளையமாய் இணைந்த அரோமேட்டிக் அமைப்பைக் கொண்டது. காற்றின்றிச் சூடேறும்போது வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து தகடுகளாகின்றன. அத்தகடுகள் கிராஃபைட்டில் உள்ளதுபோல் சீரான அடுக்குகளாக அமையாத கரிவகை ஒன்று உண்டென்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951இல் விளக்கினார். தொட்டிக்கரி அவ்வகையைச் சேர்ந்தது. கோணலாய் நிற்கும் தகடுகளிடையே 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகள் எஞ்ச, அங்கு நுழையும் அணுவை இருபுறத் தகடுகளும் ஒருங்கே இழுக்கின்றன. தகட்டுக்கு மின்னூட்டம் இருந்தால் அணுவின் எலக்ட்ரான் மேகமே சற்று இடம்பெயர்ந்து பிடிப்பு இறுகும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில், மின்னூட்டம் பெற்ற தனி அரோமேட்டிக் மூலக்கூறுகளின்மேல் ஹீலியம் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஆய்வுகள் இதன் நுண்வடிவம் எனலாம். விறைப்பான தட்டை மூலக்கூறில் அணுக்கள் இரு முகங்களிலும் ஒழுங்காக அமரும். ஒற்றைப் பிணைப்பில் வளையங்கள் திரும்பக்கூடிய நெகிழ்ந்த மூலக்கூறிலோ அமரும் இடங்களே மாறிவிடும்.

குழியிலிருந்து வரும் கரி அப்படியே இந்தத் திறனை முழுதாகக் காட்டாது. 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவி பாய்ச்சித் துளைகளைத் திறந்த பின்னரே, ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 25 சென்ட் நிலத்தின் அளவை, எட்டுகிறது. செயலூக்கப்பட்ட கரி எனப்படும் இது குடிநீரைத் தூய்மையாக்குகிறது. சுரங்க ஆலைகளில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கிறது. தொழிலின் மதிப்பு இந்த ஆலைக் கட்டத்தில்தான் கூடுகிறது. புகையும், கரியை அணைக்கும் நீர் கிணறுகளைக் கெடுப்பதும் குழிக் கட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. காங்கேயம் பகுதியில் கரிக்குழிகளுக்கு எதிராக உழவர்கள் நெடுங்காலமாகப் போராடி வந்ததற்கு இந்தப் பங்கீடே காரணம்; புகையை வெளியே விடாமல் அதையே எரிபொருளாக்கும் மூடிய உலைகள் இருந்தும், குழி வெட்டும் செலவு மிகக் குறைவு என்பதால் பழைய முறையே நீடித்தது.